கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடிக்கும் ஸ்டென்னும் ஸ்டெர்லிங்கும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும் என்ற நம்பிக்கைதான் சென்னையில் காட்சிக்கு வைத்திருக்கும் பழைய துப்பாக்கிகளை அதிகம் கெடுத்திருக்கிறது. துடைத்த இடத்திலேயே மறுபடி மறுபடி துரு வருகிறதென்றால் பெட்டிக்குள் இருக்கும் காற்றில்தான் கோளாறு. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் காற்றைச் சரிபார்த்துவிட்டுத்தான் உலோகத்தில் கை வைக்க வேண்டும். துரு எந்த இடத்தில் தொடங்கும் என்பதைத் துப்பாக்கியின் வடிவமைப்பே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டென், லான்செஸ்டர், ஸ்டெர்லிங் என்ற பிரிட்டிஷ் சப்மெஷின் கன்கள் (தொடர்ந்து சுடும் சிறு துப்பாக்கிகள்), கான்பூரில் செய்த 1ஏ1 கார்பைன் ஆகிய நான்கும் எப்படி உருவானவை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படைப்பிரிவு நினைவுக்கூடம், காவல்துறைக் காட்சியகம், அருங்காட்சியகக் கிடங்கு போன்ற இடங்களில், நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்து பதிவேட்டில் ஏற்றிய பொருள்களுக்கு மட்டுமே இது பொருந்தும். விசையை விடும்வரை தொடர்ந்து சுடும் துப்பாக்கி 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட ஆயுதம். வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தால் துடைக்க வேண்டாம், தூக்கவும் வேண்டாம். காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

தொடங்கும் முன்

செயலிழப்புச் சான்று இருந்தாலும் ஆர்மரர் (ஆயுதங்களைப் பராமரிப்பவர்) ஒருவர் ஒரு முறை பார்த்து, தோட்டா அறை காலி என்று எழுதிக் கொடுத்த பிறகே மேசைக்குக் கொண்டு வாருங்கள். மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) தனியாக, அதற்கென ஒரு அடையாளச் சீட்டோடு இருக்கட்டும். நான்கு பக்கமும், முத்திரைகள் உள்ள இடங்களில் நெருக்கமாகவும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தப் புள்ளி புதிது, எது பழையது என்று சொல்ல அந்தப் படம்தான் சாட்சி.

தேவைப்படுபவை: நைட்ரைல் கையுறை, இரண்டு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரப்பதம் காட்டும் மீட்டர்), மென்மையான நைலான் பிரஷ், மூங்கில் குச்சி, பஞ்சு, மினரல் டர்பன்டைன், மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்), சமையலறைத் தராசு. எமரித் தாள், ஸ்டீல் ஊல், கடையில் விற்கும் அமில ரஸ்ட் ரிமூவர் மூன்றும் மேசைக்கு அருகிலேயே வரக்கூடாது.

அறிகுறி: காலையில் பெட்டியைத் திறந்தால் உலோகத்தில் வியர்த்த மாதிரி ஈரம்

ஏசி உள்ள கூடங்களில் இது சகஜம். பகல் முழுக்க 24 டிகிரியில் ஓடும் ஏசியை மாலை ஆறு மணிக்கு நிறுத்துகிறார்கள். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 27 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலிருந்து தண்ணீர் பிரிந்துவிடும். பெட்டிக்குள் இரும்போ இன்னும் 24 டிகிரியில் கிடக்கிறது. கதவிடுக்கு வழியே நுழையும் காற்று அதில் பட்டதும் படலமாகப் படிந்துவிடுகிறது. கடற்காற்று கொண்டுவந்த உப்பு ஏற்கெனவே தூசியோடு மேலே உட்கார்ந்திருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் ஒரே இரவு போதும்.

ஸ்டெர்லிங்கின் பேரலை (குண்டு வெளியே போகும் குழல்) சுற்றி வரும் துளையிட்ட உறைதான் இதில் முதலில் மாட்டும். துளைகள் காற்றோட்டத்துக்காக வைத்தவை. ஆனால் காட்சிப்பெட்டியில் அவை தூசியை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும் ஜன்னல்கள். வெளியே பளிச்சென்று இருக்கும், டார்ச் அடித்துத் துளை வழியே பார்த்தால் உள்ளே பேரல் பழுத்திருக்கும்.

செய்ய வேண்டியது:
ஏசியை இரவும் பகலும் ஓட்டுங்கள், அல்லது அடியோடு நிறுத்திவிட்டு நன்றாக அடைத்த பெட்டியையும் சிலிக்கா ஜெல்லையும் நம்புங்கள். பகலில் மட்டும் ஓடும் ஏசி இரண்டையும்விட மோசம். ஏசியே இல்லாத கூடத்தில் இருக்கும் துப்பாக்கி பல சமயம் நல்ல நிலையில் இருப்பது இதனால்தான்.
ஏசியின் வாய் பெட்டிக் கண்ணாடியை நேராகப் பார்க்கக்கூடாது. திருப்ப முடியாவிட்டால் பெட்டியை நகர்த்துங்கள்.
ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லும்போது பாலித்தீன் உறைக்குள் கட்டி எடுத்துப் போய், வெளி வெப்பத்துக்கு வந்த பிறகு பிரியுங்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்தால் போதும். தண்ணீர் உறையின் மேல்தான் படியும்.

அறிகுறி: மீட்டர் 45 சதவீதம் காட்டுகிறது, துருவோ வளர்கிறது

மீட்டரை நம்பாதீர்கள். மலிவான ஹைக்ரோமீட்டர்கள் ஐந்து, பத்து சதவீதம் தவறிக் காட்டுவது சாதாரணம். சோதிக்கச் சாப்பாட்டு உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பு போட்டு, சேறு பதத்துக்கு நனையும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக்கூடாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, 12 மணி நேரம் நிழலில் வையுங்கள். 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் உள்ளே 75 சதவீதம் நிற்க வேண்டும். மீட்டர் 68 காட்டினால் அது ஏழு குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகில் ஒட்டி வையுங்கள். இரண்டு மீட்டர் கேட்டதற்குக் காரணம், ஒன்று பெட்டிக்குள், ஒன்று கூடத்தில். இரண்டும் எப்போதும் ஒரே எண்ணைக் காட்டினால் பெட்டி அடைபடவே இல்லை என்று பொருள்.

இரும்புக்கு 40 சதவீதத்துக்குக் கீழே வைப்பதுதான் குறிக்கோள். மரக்கட்டையோ தோல் வாரோ கூடவே இருந்தால் 45க்குக் கீழே இறக்க வேண்டாம், அவை வெடித்துவிடும். தோலையும் மரத்தையும் தனிப் பெட்டியில் வைக்க முடிந்தால் இந்த இழுபறியே இல்லை.

அறிகுறி: சிலிக்கா ஜெல் ஒரே வாரத்தில் நிறம் மாறிவிடுகிறது

அளவு போதாது, அல்லது பெட்டி ஒழுகுகிறது. செருப்புப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலங்களை நான்கைப் போட்டுவிட்டுக் கைகழுவுவது பரவலான தவறு. அருங்காட்சியகத் துறையில் நெடுநாளாகப் பின்பற்றும் கணக்கு, ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ. 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழமுள்ள பெட்டியின் கொள்ளளவு 0.162 கன மீட்டர். அதற்கு மூன்றேகால் கிலோ ஜெல் வேண்டும். துப்பாக்கிக்குக் கீழே பொய்த்தளம் அமைத்து, துளையிட்ட தட்டில் பரப்பி வைத்தால் வெளியே தெரியாது. பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கும். நிறம் மாறும் ரகத்தில் நீலம் வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. ஆரஞ்சு வாங்குங்கள்.

நிறத்தைவிடத் தராசு நேர்மையானது. காய்ந்த ஜெல்லை ஒரு கிலோ பைகளாகக் கட்டி எடையை எழுதி வையுங்கள். 1,150 கிராமைத் தொட்டதும் எடுத்துக் காயவைக்க வேண்டும். ஓவனில் 110 முதல் 120 டிகிரியில், இரண்டு விரல்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மூன்று நான்கு மணி நேரம். வாணலியில் வறுத்தால் அடிப்பக்கம் கருகி, மேல்பக்கம் ஈரமாகவே இருக்கும். சூட்டோடு பெட்டிக்குள் வைக்காமல், மூடிய எவர்சில்வர் டப்பாவில் ஆறவிட்டு வையுங்கள்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய் செலவில்லை. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் பீடிங் (கதவோர அடைப்புப் பட்டி) தேய்ந்துவிட்டது.

அறிகுறி: ஆரஞ்சு நிறத்தில் தூளாக உதிரும் துரு

நம் ஊரில் ஸ்டென்னுக்கு வரும் நோய்களில் தலையானது இது. அது பிறந்த கதையே இதற்குக் காரணம். 1940இல் டன்கர்க் கடற்கரையில் ஆயுதங்களை விட்டுவிட்டுத் திரும்பிய பிரிட்டனுக்கு, மலிவாக, வேகமாகச் செய்யக்கூடிய துப்பாக்கி ஒன்று உடனே வேண்டியிருந்தது. மேஜர் ரெஜினால்ட் ஷெப்பர்டும் ஹரோல்ட் டர்பினும் 1941இல் வடிவமைத்ததுதான் ஸ்டென். இருவர் பெயரின் முதல் எழுத்துகளோடு என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலைப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். குழாய், தகடு, வெல்டிங், ஒரு சுருள்வில் என்று கடைசல் வேலையைக் குறைத்து, உறுப்புகளைச் சின்னச் சின்னப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மார்க் 3 வகையைச் செய்த லைன்ஸ் பிரதர்ஸ் அதற்கு முன் பொம்மை செய்த நிறுவனம். எல்லா வகைகளும் சேர்ந்து 40 லட்சத்தை ஒட்டிச் செய்யப்பட்டன.

அந்த அவசரத்தில் மேற்பூச்சு பட்டறைக்குப் பட்டறை மாறியது. ஆகவே ஒரே துப்பாக்கியில் குழாய் நன்றாக இருக்கும், மேகசின் பிடிப்பு (மேகசினைச் செருகும் பகுதி) முழுக்கத் துருவேறிப் பழுத்திருக்கும். இது பராமரிப்புக் குறை அல்ல, இரண்டும் வெவ்வேறு இடத்தில் பூச்சு ஏறியவை.

பார்க்க வேண்டிய இடங்கள் வகைக்கு வகை மாறும். மார்க் 2இல் வெல்டிங் மணிகளின் ஓரம், பேரலைப் பிடிக்கும் மரையின் பள்ளங்கள், தோளில் ஊன்றும் குழாய்க் கட்டையின் பின்முனை. மார்க் 3 வேறு மாதிரி. அதன் உடல், தகட்டை வளைத்து மேற்பக்கம் சேர்த்து வெல்டிங் வைத்த குழாய். உச்சியில் நீளவாக்கில் ஒரு முதுகெலும்பு மாதிரி மடிப்பு ஓடும். அந்த மடிப்புக்குள் ஈரம் நுழைந்துவிட்டால் வெளியே வர வழியில்லை. துருத்தூள் ஒரே நேர்கோட்டில் கசிந்து இறங்குவதைப் பார்த்தால் மடிப்பு நனைந்திருக்கிறது என்று முடிவு செய்யலாம்.

வழிமுறை:
பெட்டிக் காற்றை 40க்குக் கீழே கொண்டு வந்து இரண்டு வாரம் விடுங்கள். துரு பழையதா, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.
வெள்ளைத் தாளின் மேல் பிடித்து நைலான் பிரஷால் ஒரே திசையில் தட்டி விடுங்கள். தாளில் விழும் தூளின் அளவை எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் தூள் விழாவிட்டால் நோய் நின்றுவிட்டது.
ஒட்டிக்கொண்டிருப்பதை மூங்கில் குச்சியின் கூர்முனையால் நிமிண்டி எடுங்கள். மூங்கில் எஃகைவிட மென்மை. கீறல் விழாது.
மினரல் டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடையுங்கள். பஞ்சை உருட்டிக்கொண்டே போக வேண்டும். தேய்த்தால் எடுத்த துருவையே திரும்ப அரைத்துப் பூசுகிறீர்கள்.
ஹேர் டிரையரால் கைக்கு இளஞ்சூடாகப் படும் அளவு உலோகத்தைச் சூடேற்றி, மெழுகை மெலிதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்துப் பருத்தித் துணியால் மெருகேற்றுங்கள்.

கறுப்பாக, இறுக்கமாக, கையில் ஒட்டாமல் இருக்கும் பழந்துருவை அப்படியே விட்டுவிடுங்கள். அது கீழிருக்கும் உலோகத்துக்குக் கவசம். கடுக்காய்க் கஷாயம் தடவினால் துரு கறுத்து நின்றுவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கடுக்காயில் இருக்கும் டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கறுப்பாவது உண்மைதான். ஆனால் கஷாயத்தில் சர்க்கரையும் வேறு அமிலங்களும் உண்டு, அவை உலோகத்தின் மேலேயே தங்கிவிடும். பூச்சு நன்றாக இருக்கும் பகுதியும் கறையாகும். காட்சிப் பொருளில் வேண்டாம்.

பளபளப்பாக்க வேண்டும் என்று மேலதிகாரி கேட்டால் உறுதியாக மறுத்துவிடுங்கள். ஸ்டென்னின் மேகசின் பிடிப்பில் லேசாகத்தான் முத்திரை விழுந்திருக்கும். பஃபிங் சக்கரத்தில் ஒரு முறை பிடித்தால் எந்த வகை, எங்கே செய்தது என்பதெல்லாம் அழிந்து, வெறும் இரும்புக் குழாய்தான் மிஞ்சும்.

அறிகுறி: சொரசொரப்பான கறுப்பு பெயின்ட் கொப்பளிக்கிறது

இது ஸ்டெர்லிங். ஜார்ஜ் பாட்செட் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் டகன்ஹாமில் வடிவமைத்து, 1944இல் சோதனைக்குப் போய், 1953இல் எல்2ஏ1 என்ற பெயரில் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்டது. 1956இல் எல்2ஏ3 வந்தது. 1982 ஃபாக்லாந்து போரிலும் இருந்தது. 1990களில்தான் படையை விட்டுப் போனது. ஸ்டென்னின் ஒவ்வொரு குறையையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த துப்பாக்கி இது. போல்ட்டின் (சுடும்போது உள்ளே முன்னும் பின்னும் ஓடும் இரும்புத் துண்டு) மேல் சுருள் வரிகள் வெட்டி, உள்ளே வரும் மணலையும் கரியையும் அதுவே தள்ளிவிடச் செய்தார்கள். மேகசினுக்குள் தோட்டாவை மேலே தள்ளும் தகட்டுக்குப் பதில் இரண்டு உருளைகளை வைத்தார்கள். மேற்பூச்சிலும் அதே அக்கறை தெரியும். டகன்ஹாம் துப்பாக்கிகளின் சுருக்கம் விழுந்த கறுப்பு பெயின்ட் கைக்குப் பிடிமானம், கண்ணுக்கு ஒளி தெறிக்காது, அடியில் துரு ஏறாது.

ஆனால் ஒரு இடத்தில் பெயின்ட் உடைந்துவிட்டால் அதே தடிப்பு எதிரியாகிறது. ஈரம் உடைப்பு வழியே புகுந்து பெயின்ட்டுக்கு அடியில் படர்கிறது. மேலே ஒரு மிளகு அளவு கொப்புளம் தெரிந்தால் அடியில் அது நாலணா அளவு பரவியிருக்கும். மடக்குக் கட்டை உடலில் வந்து உட்காரும் இடத்திலும், மேகசின் நுழையும் வாயின் விளிம்பிலும் பெயின்ட் முதலில் உடைந்திருக்கும். வீரர்கள் ஆண்டுக்கணக்கில் மடக்கியும் செருகியும் தேய்ந்த இடங்கள் அவை.

கொப்புளத்தைக் குத்தாதீர்கள், உரிக்காதீர்கள். அசிட்டோனோ தின்னரோ பட்டால் பெயின்ட் கழன்று கொண்டு வரும். பெட்டியை உலர்த்துங்கள், அது நின்றுவிடும். உடைந்த விளிம்பு மேலும் தூக்காமல் இருக்க மென்பிரஷ் நுனியில் மெழுகைத் தொட்டு விளிம்பில் மட்டும் வையுங்கள். துணியால் பூசினால் சுருக்கங்களின் பள்ளத்தில் மெழுகு சிக்கி வெள்ளை வெள்ளையாகத் தெரியும், எடுப்பது பெரும்பாடு.

ஸ்டெர்லிங்கின் சுருள் வரிகள் ஓடுகிற துப்பாக்கியில் அழுக்கைத் தள்ளும். ஓடாத துப்பாக்கியில் அந்தப் பள்ளங்களே அழுக்கின் குடியிருப்பு. சுட்ட தோட்டாக் கூடு வெளியே விழும் வெளியேற்றத் துளை வழியே தெரியும் போல்ட் பகுதியை மாதம் ஒரு முறை பிரஷால் தட்டிவிட மறக்க வேண்டாம்.

அறிகுறி: விரல் ரேகை வடிவில் துரு

வெறுங்கையால் தூக்கியிருக்கிறார்கள். வியர்வை உப்பு ரேகை மாறாமல் பொறித்துவிட்டது. டர்பன்டைன் உப்பைக் கரைக்காது. பஞ்சுக் குச்சியில் காய்ச்சி வடித்த நீரைத் தொட்டுத் துடைத்து, உடனே ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, இளஞ்சூட்டில் காயவைத்து மெழுகு. பெயின்ட் பகுதியில் ஆல்கஹால் வேண்டாம். கௌரவ விருந்தினர் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுக்கும் வழக்கம் இருந்தால் பத்து ஜோடிக் கையுறையை அந்த அறையிலேயே வையுங்கள்.

அறிகுறி: செயலிழப்பு வெல்டிங்கைச் சுற்றி மட்டும் வளையமாகத் துரு

வெல்டிங் சூட்டில் அந்த வட்டத்தில் இருந்த பூச்சு எரிந்துபோனது. வெல்டிங் ராடின் கசடும் அங்கே தங்கியிருக்கலாம், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மூங்கில் குச்சியால் கசடை எடுத்து, ரேகைக்குச் சொன்னபடி நீர், ஆல்கஹால், சூடு, மெழுகு. இந்த ஓர் இடத்துக்கு மட்டும் இரண்டு கை மெழுகு போடுங்கள், இடையில் ஒரு நாள் விட்டு. கறுப்பு பெயின்ட் அடித்து மறைப்பது தவறு. செயலிழப்பு வெல்டிங் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தணிக்கைக்கு வருபவர் அதைத்தான் முதலில் தேடுவார்.

அறிகுறி: பித்தளையில் பச்சைக் களிம்பு

லான்செஸ்டரின் அடையாளமே அதன் பித்தளை மேகசின் பிடிப்பு. ஜெர்மன் எம்.பி.28 துப்பாக்கியைப் பார்த்து ஜார்ஜ் லான்செஸ்டர் வடிவமைத்து, முக்கியமாகப் பிரிட்டிஷ் கடற்படையான ராயல் நேவிக்குப் போனது. மரக்கட்டை, 50 தோட்டா மேகசின், பித்தளை என்று ஸ்டென்னுக்கு நேர் எதிர். கடற்படைக்கு என்பதால் துருப்பிடிக்காத பித்தளை நல்ல தேர்வுதான். ஆனால் பித்தளை எஃகோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கோட்டில் உப்பீரம் படிந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு பேட்டரி மாதிரி வேலை செய்யும். தின்னப்படுவது எஃகு. ஆகவே களிம்பைப் பார்த்ததும் பித்தளையை விட்டுவிட்டு, அது எஃகைத் தொடும் ஓரத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. இங்கே அமிலம் இடுக்கில் இறங்கி எஃகை அரிக்கும். மூங்கில் குச்சியும் டர்பன்டைனும் போதும்.

வாரின் பித்தளைக் கொக்கியில், தோல் தொடும் இடத்தில் மட்டும் பச்சையாக மெழுகு மாதிரி பிதுங்கினால் அது வேறு. தோலில் ஏற்றிய கொழுப்பு பித்தளையோடு வினைபுரிந்து வருவது. குச்சியால் வழித்து எடுத்துவிட்டு, தோலுக்கும் உலோகத்துக்கும் இடையில் மெல்லிய பாலியெஸ்டர் தாளைச் செருகுங்கள். தோலுக்கு இனி எண்ணெய் வேண்டாம்.

அறிகுறி: காட்சித் தோட்டாவின் ஈயத்தில் வெள்ளை மாவு, பெட்டியைத் திறந்தால் வினிகர் வாசனை

பெரும்பாலும் புதிதாகச் செய்த பெட்டிகளில்தான் இது வரும், அதனாலேயே எல்லோரும் குழம்புவார்கள். பிளைவுட், எம்.டி.எஃப்., தேக்கு, இவை எல்லாமே கரிம அமில ஆவியை விடும். கண்ணாடி ஒட்டும் சாதாரண சிலிகான் சீலன்ட் காயும்போது வெளியேறுவதும் அசிட்டிக் அமிலம்தான். அடைத்த பெட்டிக்குள் அந்த ஆவி சேர்ந்து ஈயத்தை மாவாக்கும், எஃகிலும் துருவைத் தூண்டும். அந்த மாவு விஷம். கையுறையும் முகமூடியும் போட்டு, ஈரப் பஞ்சால் எடுத்து மூடிய பையில் போடுங்கள். பிரஷால் தட்டாதீர்கள்.

பெட்டிக்குள் மரம் தெரியும் எல்லா முகத்தையும் அலுமினியத் தகடு ஒட்டிய படலத்தால் மூடுங்கள். சீலன்ட் வாங்கும்போது அமிலமற்ற நியூட்ரல் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். புதுப் பெட்டியை நான்கு வாரமாவது திறந்தே வைத்துவிட்டுப் பிறகு பொருளை வையுங்கள். திறப்பு விழா தேதிக்காக இந்த நான்கு வாரத்தை வெட்டுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. தாங்கிகளுக்கு ரப்பர் வேண்டாம், அதிலிருந்து கந்தகம் வரும். பாலியெத்திலீன் நுரை நல்லது.

அறிகுறி: பழுப்பாகப் பிசுபிசுப்பு, மடக்குக் கட்டை அசையவில்லை

தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ போட்டிருக்கிறார்கள். அவை சிக்குப் பிடித்து, பிசினாக இறுகி, அமிலமாகவும் மாறும். டபிள்யூடி-40 அடித்திருந்தாலும் நாளடைவில் இதே மாதிரி பழுப்புப் படலம் மிஞ்சும். ஈரத்தை விரட்ட அது நல்லதுதான், ஆண்டுக்கணக்கில் காக்கும் பூச்சு அல்ல. கீலைச் சுற்றி டர்பன்டைன் நனைத்த பஞ்சைச் சுற்றி, மேலே பாலித்தீன் கட்டி, ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் இளகும். அப்போதும் அசையாவிட்டால் அந்த நிலையிலேயே காட்சிக்கு வையுங்கள். விரித்த ஸ்டெர்லிங் 69 செ.மீ. நீளம், மடக்கினால் 48. எந்த நிலையில் இருந்தாலும் பெட்டி போதும். பலம் கொடுத்து முறித்த கீலைத் திரும்ப வாங்க முடியாது.

அறிகுறி: ஸ்டென்னின் மேகசின் கீழே சரிகிறது

பெட்டியில் துப்பாக்கியை மேகசின் தாங்கி நிற்கும்படி வைத்திருப்பார்கள். மார்க் 2இன் மேகசின் பிடிப்பு உடலைச் சுற்றித் திரும்பி, வெளியேற்றத் துளையை மூடிக்கொள்ளும்படி செய்தது. நகரும் உறுப்பு என்பதால் காலப்போக்கில் ஆட்டம் கண்டிருக்கும். களத்தில் வீரர்கள் மேகசினைக் கைப்பிடியாகப் பிடித்து அழுத்தியதால் தோட்டா ஏறும் கோணம் கெட்டுத் திக்கியதும் இதே பலவீனத்தால்தான். 32 தோட்டா கொள்ளும் மேகசினில் 30க்கு மேல் போடாமல் இருந்ததும் திக்கலுக்குப் பயந்தே. பேரல் உறையிலும் கட்டையிலும் இரண்டு தாங்கி கொடுங்கள். மேகசினுக்குத் தனியாக ஒரு சிறு தாங்கி வைத்தால் எடை எதுவும் பிடிப்பில் விழாது.

அறிகுறி: பெயர்ப்பலகையும் பொருளும் ஒத்துப்போகவில்லை

பக்கவாட்டில் மேகசின் இருந்தால் எல்லாமே ‘ஸ்டென் கன்’ என்று எழுதிவிடுகிறார்கள். நேரான மேகசின், சிறு துளைகளுள்ள குட்டை முன்பகுதி, கழற்றக்கூடிய பேரல் என்றால் மார்க் 2. முதுகில் மடிப்பு ஓடி, குழாய் கிட்டத்தட்ட பேரல் முனைவரை போனால் மார்க் 3. மரக்கட்டையும் மரக் கைப்பிடியும் இருந்தால் மார்க் 5. மேகசின் வளைந்து, பேரல் முழுக்கத் துளையிட்ட உறை இருந்தால் ஸ்டெர்லிங் குடும்பம். ஸ்டென் மேகசின் ஸ்டெர்லிங்கிலும் நுழையும் என்பதால் மேகசினை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கான்பூர் சிற்றாயுதத் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுச் செய்த 1ஏ1 கார்பைனும் இதே குடும்பம்தான். அதைப் பிரிட்டிஷ் துப்பாக்கி என்று எழுதி வைப்பது கான்பூர்த் தொழிலாளர்களுக்குச் செய்யும் அநியாயம். மேகசின் பிடிப்பில் உள்ள முத்திரையைச் சாய்ந்த டார்ச் ஒளியில் படியுங்கள். ‘லாங் பிராஞ்ச்’ என்று இருந்தால் ஸ்டென் கனடாவில் பிறந்தது.

பலகையில் இடம் இருந்தால் இந்தியக் களத்தையும் எழுதுங்கள். 1948 பிப்ரவரி 6இல் ஜம்மு காஷ்மீரின் நௌஷேராப் பகுதியில், காயம்பட்ட காவலரின் ஸ்டென்னை எடுத்துக்கொண்டு தனியாக எதிர்த்து நின்று வீழ்ந்த நாயக் ஜதுநாத் சிங்குக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது. பார்க்க வரும் பிள்ளைகளுக்கு அந்தக் குழாயின் மதிப்பு அந்த ஒரு வரியில் புரியும்.

அறிகுறி: வெள்ளத்தில் நனைந்துவிட்டது

2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த ஊர் இது. தரைத்தளப் பெட்டிகளின் கீழ்த்தட்டு முழங்கால் உயரத்துக்கு மேலே இருப்பது நல்லது. நனைந்துவிட்டால் முதல் ஒரு நாள் முக்கியம். சேறு காய்வதற்கு முன் கழுவ வேண்டும். போர்வெல் தண்ணீரில் கழுவாதீர்கள், சென்னையின் பல பகுதிகளில் அதுவே உப்பு. ஆர்.ஓ. நீரில் சேற்றைக் கழுவி, கடைசி அலசலுக்குப் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்துங்கள். அதே கடையில் அதே மாதிரி கேனில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும், சீட்டைப் படித்து வாங்குங்கள்.

அலசிய நீரில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, ஒரு துளி நீர்த்த நைட்ரிக் அமிலமும் இரண்டு துளி 1 சதவீத சில்வர் நைட்ரேட் கரைசலும் விடுங்கள். பால் மாதிரி கலங்கினால் உப்பு இன்னும் வருகிறது, மறுபடி அலசுங்கள். தெளிவாக நின்றதும் நிறுத்தலாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஊற்றி நீரை விரட்டி, டேபிள் ஃபேன் முன் நான்கு மணி நேரம், பிறகு ஹேர் டிரையர். மார்க் 3இன் மடிப்புக்கு மட்டும் கூடுதலாக ஒரு நாள். அதைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, மடிப்பு கீழே பார்க்கும்படி வைத்தால் உள்ளே நின்ற நீர் சொட்டி இறங்கும். கீழே வெள்ளைத் தாள் விரித்து வையுங்கள். மறுநாள் காலையில் தாளில் பழுப்புச் சொட்டு இருந்தால் இன்னொரு நாள் தொங்கட்டும்.